நான்ஸ்டிக் தவா, ஃபிரை பேன்: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாத்திரக்கடையிலும் அடுப்படியிலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளைத் தந்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

1. நான்ஸ்டிக்னா என்னங்க? அதுல என்னதான் பூசியிருக்காங்க?

அடியில் இருப்பது அலுமினியத் தகடு. அதன் மேல் தலைமுடியை விட மெல்லிய ஒரு பூச்சு. பெரும்பாலான தவாக்களில் அந்தப் பூச்சு பி.டி.எஃப்.இ. என்ற, ஃப்ளோரின் சேர்ந்த ஒரு வகை பிளாஸ்டிக். டெஃப்ளான் என்பது அதற்கு வைத்த வணிகப் பெயர். 1938-ல் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வாளர் ராய் பிளங்கெட், குளிர்சாதனத்துக்கான வாயு ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். சிலிண்டரைத் திறந்தபோது வாயு வரவில்லை. உள்ளே வெள்ளைப் பொடி படிந்திருந்தது. அதுதான் இது. பிரான்சில் மார்க் கிரெகுவார் அதை அலுமினியத்தின் மேல் பிடிக்கவைக்கும் வழியைக் கண்டு, 1956-ல் டெஃபால் நிறுவனத்தைத் தொடங்கினார். டெஃப்ளானின் முதல் பகுதியும் அலுமினியத்தின் முதல் பகுதியும் சேர்ந்ததுதான் அந்தப் பெயர்.

சூட்டை வாங்கி எல்லாப் பக்கமும் பரப்புவது தகட்டின் வேலை. பூச்சுக்கு ஒட்டாமல் விடுவது ஒன்றுதான் வேலை, அது என்றைக்கானாலும் தேய்ந்துதான் போகும். இந்தப் பக்கத்தில் இனி வரும் பதில்கள் பலவும் இதிலிருந்து பிறப்பவை.

2. தோசைத் தவா, ஃபிரை பேன், கடாய்னு மூணும் செட்டா தர்றாங்க. செட்டா வாங்கலாமா?

வேண்டாம். செட்டில் வரும் மூன்றில் ஒன்றுதான் தினமும் அடுப்பில் ஏறும். அந்த ஒன்றை நல்ல கனத்தில் வாங்குங்கள். தோசை, அடை, சப்பாத்தி என்றால் விளிம்பு தாழ்ந்த தட்டைத் தவா. ஆம்லெட், மீன் வறுவல், பனீர், மிச்ச இட்லியைப் பிரட்டுவது என்றால் 4 முதல் 5 செ.மீ. உயரச் சுவர் உள்ள ஃபிரை பேன். குழிந்த சப்பாத்திக் கல்லில் தோசை வார்க்க முயல வேண்டாம்; மாவு நடுவில் போய்த் தேங்கிவிடும்.

கடாய்க்கு நான்ஸ்டிக் தேவையே இல்லை. பொரியலும் குழம்பும் எவர்சில்வரிலோ இரும்பிலோ நன்றாகவே வரும்.

3. எத்தனை சென்டிமீட்டர் வாங்கணும்? நாங்க நாலு பேர்.

தோசைக்கு 28 செ.மீ. போதும். 30-க்கு மேல் போனால் வீட்டு அடுப்பின் சின்ன பர்னரில் விளிம்பு சூடேறாது. நடுவில் கருகி ஓரத்தில் வெளுத்த தோசைதான் கிடைக்கும். ஆம்லெட்டுக்கு 20 அல்லது 22. நான்கு பேருக்கு மீன் வறுக்க 26.

அட்டையில் போட்டிருக்கும் அளவு மேல்விளிம்பின் விட்டம். ஃபிரை பேனில் அடிப்பாகம் அதைவிடப் பல சென்டிமீட்டர் குறுகியிருக்கும். மீன் துண்டு எத்தனை அடுக்கலாம் என்பதை அடிப்பாகம்தான் தீர்மானிக்கிறது. கடையில் ஸ்கேல் வாங்கி அதை அளந்து பாருங்கள்.

4. எல்லாமே கறுப்பா, பளபளன்னு ஒரே மாதிரி இருக்கு சார். எதைப் பாத்து வாங்குறது?

முதலில் தடிமன். 3 மி.மீ.க்குக் குறைந்த தகடு தோசைக்கு ஆகாது. தீ நாக்கு படும் இடம் மட்டும் சட்டென்று சூடேறி, தோசையில் பர்னரின் வட்டம் அச்சாக விழும். 4 மி.மீ. இருந்தால் இன்னும் நல்லது. தடிமன் அட்டையில் இருக்கும், ஆனால் விளிம்பை மட்டும் மடித்துத் தடிமனாகக் காட்டுவதும் உண்டு. அதனால் எடை போட்டுப் பாருங்கள். கணக்கு எளியது: 28 செ.மீ. வட்டத் தகட்டின் பரப்பு சுமார் 616 சதுர செ.மீ. அலுமினியம் ஒரு கன செ.மீ.க்கு 2.7 கிராம். 2 மி.மீ. தடிமன் என்றால் தகடு மட்டும் சுமார் 330 கிராம், 3 மி.மீ. என்றால் 500, 4 மி.மீ. என்றால் 665. கைப்பிடிக்கு ஒரு 150 கிராம் கூட்டிக்கொள்ளுங்கள். '3 மி.மீ.' என்று எழுதிய தவா கைப்பிடியோடு அரைக் கிலோகூட வரவில்லை என்றால் அதைக் கீழே வைத்துவிடலாம். கடைக்காரரிடம் தராசு இருக்கும். கேட்டால் போட்டுக் காட்டுவார்.

அடுத்தது சமதளம். கடையின் கண்ணாடி மேஜை மேல் தவாவை வைத்து, விளிம்பில் ஒரு விரலால் அழுத்துங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. பிறகு உள்பக்கம் ஸ்கேலைக் குறுக்கே நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். நடு மேடாக இருந்தால் எண்ணெயும் மாவும் ஓரத்துக்கு ஓடும்.

மூன்றாவது, பூச்சின் முகம். தவாவைச் சாய்த்து, குழல்விளக்கு அதில் விழுவதைப் பாருங்கள். ஊசிமுனைப் புள்ளி, குமிழ், ஓரத்தில் பூச்சு விட்டுப்போன இடம் எதுவும் இருக்கக் கூடாது. உரிதல் அங்கிருந்துதான் தொடங்கும். கடைசியாக ஐ.எஸ்.ஐ. முத்திரை: அலுமினியப் பாத்திரங்களுக்கு அது கட்டாயம் என்று 2024 மார்ச்சில் மத்திய அரசு உத்தரவிட்டது. ரசீதும் கேட்டு வாங்குங்கள்.

5. மூணு லேயர், அஞ்சு லேயர், கிரானைட், மார்பிள், டைமண்ட்ங்கிறாங்களே. எது ஒசத்தி?

கிரானைட், மார்பிள் என்பவை பெரும்பாலும் புள்ளி போட்ட தோற்றத்துக்கு வைத்த பெயர்கள். அடியில் இருப்பது அநேகமாக அதே பி.டி.எஃப்.இ.தான். டைமண்ட், டைட்டானியம் என்றால் பூச்சுக்குள் கடினமான துகள் கொஞ்சம் சேர்த்திருப்பார்கள். கீறல் தாங்கும் திறன் அதனால் கூடலாம், சூடு தாங்கும் திறன் உயராது.

லேயர் எண்ணிக்கையில் ஓரளவு பொருள் உண்டு. தகட்டைப் பிடித்துக்கொள்ள ஒரு அடிப்பூச்சு, உறுதிக்கு ஒரு நடுப்பூச்சு, வழுக்க ஒரு மேற்பூச்சு என்று மூன்று இருந்தால் நல்லது. அதற்கு மேல் ஐந்தா ஏழா என்று ஆராய்வதை விட, 4-ல் சொன்ன எடையைப் பார்ப்பது பயன் தரும். மெல்லிய தகட்டில் ஐந்து லேயர் போட்டதும் கனத்த தகட்டில் மூன்று லேயர் போட்டதும் ஒரே விலைக்குக் கிடைத்தால், கனத்ததை எடுங்கள்.

6. செராமிக் கோட்டிங் கெமிக்கலே இல்லாததுன்னு சொல்றாங்க. அதையே வாங்கிடலாமா?

செராமிக் பூச்சு என்பது மண்பானை போன்றதல்ல. மணலில் உள்ள சிலிக்காவை அடிப்படையாகக் கொண்டு, திரவமாகத் தெளித்துச் சூடாக்கி இறுகவைக்கும் ஒரு பூச்சு. அதில் பி.டி.எஃப்.இ. இல்லை என்பது உண்மை. அதிகச் சூட்டில் பி.டி.எஃப்.இ.யிலிருந்து வரும் புகை இதில் வராது.

ஆனால் ஒட்டாத தன்மை வேகமாகக் குறையும். தினசரி தோசை வார்க்கும் வீட்டில் ஓர் ஆண்டுக்குள்ளேயே முட்டை பிடிக்கத் தொடங்கிவிடுவது சகஜம். பி.டி.எஃப்.இ. பூச்சைப் பக்குவமாக வைத்திருந்தால் இரண்டு, மூன்று ஆண்டு எதிர்பார்க்கலாம். வீட்டில் கிளி, லவ்பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் (காரணம் 12-ல்) செராமிக் எடுப்பதில் நியாயம் இருக்கிறது. மற்றவர்கள் இந்தத் தேய்மானத்தைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

7. ஹார்ட் அனோடைஸ்டும் நான்ஸ்டிக்கும் ஒண்ணா?

இல்லை. மின்வேதி முறையில் அலுமினியத்தின் மேற்பரப்பையே கெட்டியான ஆக்சைடாக மாற்றுவது ஹார்ட் அனோடைசிங். சாம்பல் கலந்த கறுப்பு நிறத்தில் இருக்கும், தனியாக ஒரு பூச்சு கிடையாது, உரியாது. ஆனால் எண்ணெய் இல்லாமல் தோசை எழும்பாது. வெளியே ஹார்ட் அனோடைஸ்டு, உள்ளே நான்ஸ்டிக் என்று இரண்டும் சேர்ந்து வருவது நல்ல கூட்டு. வாங்கும்போது உள்பக்கம் எது என்று தெளிவாகக் கேளுங்கள்.

8. இண்டக்ஷன் அடுப்புக்கும் கேஸுக்கும் ஒரே தவா போதுமா?

போதும், அடியில் காந்தம் ஒட்டும் எஃகுத் தகடு பதித்திருந்தால். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அடியில் வைத்துப் பாருங்கள். நடுவில் மட்டும் பிடித்து ஓரத்தில் விழுந்தால், எஃகு நடுவில் மட்டும்தான் இருக்கிறது. இண்டக்ஷனில் அந்த வட்டம்தான் நேராகச் சூடேறும், மற்ற இடத்துக்குச் சூடு தகட்டின் வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். ஆகவே இண்டக்ஷன் தோசைக்குத் தடிமன் இன்னும் முக்கியம். அளவும் 26 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. எடைக் கணக்குப் போடும்போது எஃகுக்கு ஒரு 100 கிராம் கழித்துக்கொள்ளுங்கள்.

இண்டக்ஷனில் எடுத்ததுமே முழு வாட் வைக்கக் கூடாது. நடுவட்டம் நொடியில் கொதித்து, பூச்சு அங்கேதான் முதலில் சாகும். 600 முதல் 800 வாட்டில் தொடங்குங்கள்.

9. கைப்பிடியில பாக்க என்ன இருக்கு?

ஸ்க்ரூ வைத்ததா, ரிவெட் அடித்ததா என்று பாருங்கள். ஸ்க்ரூ வைத்தது கொஞ்ச நாளில் ஆடும், ஆனால் வீட்டிலேயே முறுக்கிக்கொள்ளலாம். ரிவெட் ஆடாது, ஆனால் உள்பக்கக் குமிழைச் சுற்றி மசாலா படியும். கைப்பிடி தொடங்கும் இடத்தில் உலோக வளையம் இல்லையென்றால் கேஸ் தீ, கைப்பிடியில் உள்ள பேக்கலைட் என்ற கெட்டி பிளாஸ்டிக்கைப் பொசுக்கிவிடும்.

10. புதுசா வாங்கினதும் இரும்புக் கல்லு மாதிரி பழக்கணுமா?

வேண்டியதில்லை. ஸ்டிக்கரை உரித்து, மிதமான சோப்பில் கழுவித் துடைத்து, அரை ஸ்பூன் எண்ணெய் தடவி, சிம்மில் ஒரு நிமிடம் வைத்து, ஆறியதும் துணியால் துடையுங்கள். வெங்காயம் வதக்குவது, கஞ்சித் தண்ணீரில் ஊறப்போடுவது எல்லாம் வார்ப்பிரும்புக்கு உரிய பக்குவங்கள்.

11. மாவு ஊத்தித் தேய்ச்சா கல்லுல நிக்காம கரண்டியோடவே சுருண்டு வருது. தவா டூப்ளிகேட்டா?

தவாவில் குறை இல்லை. நான்ஸ்டிக்கில் தோசை வார்ப்பவர்கள் எல்லோருக்கும் முதல் வாரம் இதுதான் நடக்கும். இரும்புக் கல்லில் மாவு விழுந்ததும் அடியைக் கொஞ்சம் பற்றிக்கொள்ளும், அந்தப் பிடிமானத்தில்தான் நாம் தேய்க்கிறோம். நான்ஸ்டிக்கில் அந்தப் பற்று இல்லை. தவா அதிகமாகக் காய்ந்திருந்தால் அடிமாவு உடனே வெந்து, தகட்டை விட்டுக் கரண்டியோடு வந்துவிடுகிறது. முன்கூட்டியே எண்ணெய் தடவியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்துத் தேய்க்கும் பழக்கம் இங்கே உதவாது.

செய்ய வேண்டியது இது. நடுத்தரத் தீயில் தவாவை ஒன்றரை, இரண்டு நிமிடம் காயவிடுங்கள். ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளியுங்கள். 'சுர்'ரென்று இரண்டு, மூன்று நொடியில் வற்றினால் பதம் சரி. முத்து முத்தாக உருண்டு ஓடிக்கொண்டே இருந்தால் சூடு அதிகம். நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியை மடித்து ஒரு துடை துடைத்து, தீயை சிம்முக்குக் கொண்டு வாருங்கள். உடனே நடுவில் ஒரு கரண்டி மாவு ஊற்றி, கரண்டியின் அடி மாவில் மிதப்பது போல, அழுத்தாமல், நடுவிலிருந்து வெளியே சுற்றுங்கள். பரப்பி முடித்தபின் தீயைக் கூட்டி, ஓரத்தில் அரை ஸ்பூன் நல்லெண்ணெய் விடுங்கள். ஒவ்வொரு தோசைக்கும் இந்தத் தெளித்துத் துடைக்கும் வேலை உண்டு. அதை விட்டால் மூன்றாவது தோசையிலேயே சுருளத் தொடங்கும்.

மாவிலும் கவனம் வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே ஊற்றினால் திரளும். அரைமணி நேரம் வெளியே வையுங்கள். இட்லி மாவுப் பதத்தில் இருந்தால் ஒரு கப்புக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் சேருங்கள். வட்டக் கரண்டி சரிப்படவில்லை என்றால், அடி தட்டையான சின்னக் கிண்ணத்தால் பரப்பிப் பாருங்கள்.

12. நான்ஸ்டிக் சூடானா விஷப் புகை வரும்னு சொல்றாங்க. உண்மையா?

சூடு வரம்பு மீறினால் உண்மை. பி.டி.எஃப்.இ. பூச்சை 260 டிகிரி செல்சியஸ் வரை பயன்படுத்தலாம். 327-ல் அது உருகும். 350-ஐ நெருங்கித் தாண்டும்போது சிதைந்து புகையாக வெளியேறத் தொடங்கும். அந்தப் புகையை மூச்சில் இழுத்தவர்களுக்குச் சில மணி நேரத்தில் காய்ச்சல், நடுக்கம், நெஞ்சிறுக்கம் வரும்; மருத்துவத்தில் இதைப் பாலிமர் புகைக் காய்ச்சல் என்பார்கள். பறவைகளின் நுரையீரல் மிக நுட்பமானது. மனிதருக்குத் தெரியாத அளவுப் புகையே கூண்டுக் கிளியைக் கொன்றுவிடும். பறவை வளர்க்கும் வீட்டில் இந்தப் பூச்சு வேண்டவே வேண்டாம்.

தோசைக்கோ ஆம்லெட்டுக்கோ 200 டிகிரியை ஒட்டிய சூடே தாராளம். மாவும் முட்டையும் தவாவில் இருக்கும்வரை அவற்றின் ஈரம் சூட்டை இழுத்துப் பிடிக்கும். ஆபத்து காலித் தவாவில்தான். பெரிய பர்னரில் முழுத் தீ வைத்துவிட்டுச் சட்னி அரைக்கப் போனால், மெல்லிய தவா சில நிமிடங்களில் 260-ஐத் தாண்டிவிடும். அளவுமானி இல்லாதவர்கள் ரீஃபைண்டு சூரியகாந்தி எண்ணெயை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். அது சுமார் 230 டிகிரியில் புகையும். எண்ணெய் புகைந்தால் எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள்: தீயை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

13. அட்டையில 'பி.எஃப்.ஓ.ஏ. ஃப்ரீ'ன்னு போட்டிருக்கே. அப்போ முழுக்க பாதுகாப்புதானே?

பி.எஃப்.ஓ.ஏ. வேறு, பி.டி.எஃப்.இ. வேறு. பி.எஃப்.ஓ.ஏ. என்பது பூச்சைத் தயாரிக்கும் தொழிற்சாலையில் துணைப்பொருளாகப் பயன்பட்ட ரசாயனம். மண்ணிலும் நீரிலும் உடலிலும் எளிதில் சிதையாமல் தங்கிவிடும். அமெரிக்காவின் பெரிய உற்பத்தியாளர்கள் அதை 2015-க்குள் கைவிட்டார்கள். 2019-ல், எளிதில் சிதையாத நச்சுப் பொருட்களைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் அது சேர்ந்தது. 2023-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அதை வகைப்படுத்தியது. எனவே அந்த வாசகம் இருப்பது அவசியம்தான். ஆனால் 12-ல் சொன்ன சூட்டு வரம்பை அது மாற்றாது.

பி.டி.எஃப்.இ.யும் அதே பெரிய ஃப்ளோரின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அந்தக் குடும்பமே வேண்டாம் என்று நினைக்கும் இடங்களும் உண்டு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 2025 ஜனவரி 1 முதல் இத்தகைய பூச்சுள்ள சமையல் பாத்திர விற்பனையைத் தடை செய்திருக்கிறது. உங்களுக்கும் அதே எண்ணம் என்றால் செராமிக் அல்லது இரும்பு.

14. இதுலயே தாளிச்சு, மிளகாய் வறுத்து, ரவையும் வறுத்துக்கலாமா?

ரவை, சேமியா சிம்மில் வறுக்கலாம், கை எடுக்காமல் கிளற வேண்டும். மிளகாய், மல்லி, துவரம்பருப்பு போன்ற வெறும் வறுவல் வேண்டாம். ஈரமில்லாத பொருளுக்கு அதிகச் சூடு வைப்பது காலித் தவாவைக் காயவிடுவது போலத்தான். தாளிப்பும் வேண்டாம். கடுகு வெடிக்கும் நேரத்தில் எண்ணெய் அடங்காத சூட்டில் இருக்கும், தவாவின் அடி பெரிதாக இருப்பதால் எண்ணெய் மெல்லிய படலமாகப் பரவிப் புகையும். ஒரு சின்ன இரும்புத் தாளிப்புக் கரண்டி அதற்குப் போதும்.

15. கோட்டிங் எங்கயும் உரியல, கீறலும் இல்ல. ஆனா ஆறு மாசத்துல ஒட்ட ஆரம்பிச்சிடுச்சு. ஏன்?

விரலால் தடவிப் பாருங்கள். பழுப்பு நிறத்தில், லேசாகப் பிசுபிசுப்பாக ஒரு படலம் இருந்தால் அது எண்ணெய். ஒவ்வொரு முறையும் சரியாகக் கழுவப்படாத எண்ணெய், சூட்டில் வார்னிஷ் போல இறுகிப் பூச்சை மூடிவிடுகிறது. ஓரங்களில்தான் முதலில் தெரியும். பூச்சு கீழே நன்றாகவே இருக்கிறது.

ஃபிரை பேன் என்றால் ஒரு கப் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து, சிம்மில் 5 முதல் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியபின் ஸ்பாஞ்சால் துடையுங்கள். தட்டைத் தவாவில் தண்ணீர் நிற்காது. இரண்டு பங்கு சோடாவுக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்துக் குழைத்து, வெதுவெதுப்பான தவாவில் பூசி, 20 நிமிடம் கழித்து மென்மையாகத் தேய்த்து எடுங்கள். படலம் கெட்டியாக இருந்தால் மறுநாளும் ஒருமுறை செய்யுங்கள். பூச்சில்லாத அலுமினிய வெளிப்பக்கத்தில் சோடாவை ஊறவிடாதீர்கள், கறுத்துவிடும்.

16. எப்படிக் கழுவுறது? வேலைக்கு வர்ற அக்கா எல்லாப் பாத்திரத்தோடயும் போட்டுத் தேய்ச்சிடறாங்க.

கழுவத் தொட்டியில் போடுவதற்கு முன்பே தனியாக எடுத்து வைத்துவிடுவதுதான் தீர்வு. எவர்சில்வர் பாத்திரத்துக்கு நடுவே கிடந்தால் ஒரு கரண்டியின் விளிம்பே போதும், கீறல் விழ. கம்பி நார், பச்சை ஸ்க்ரப்பர், சாம்பல், பாத்திரப் பொடி எதுவும் படக் கூடாது. தவா கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் இரண்டு சொட்டு சோப்பு, மென்மையான ஸ்பாஞ்சு, அரை நிமிட வேலை. எண்ணெய் அடியிலும் ஓரத்திலும் போய்விட்டதா என்று பாருங்கள்.

திருப்ப மரக் கரண்டி அல்லது சிலிக்கான். நைலான் கரண்டியைத் தவாவிலேயே சாய்த்து வைத்தால் முனை உருகும். அடுக்கும்போது நடுவே பழைய துணி ஒன்றை விரியுங்கள்.

17. கோட்டிங் துண்டு தோசையோட வயித்துக்குள்ள போயிருக்கும் போல. டாக்டரைப் பாக்கணுமா?

தேவையில்லை. பி.டி.எஃப்.இ. துகள் உடலில் எதனோடும் சேராமல், செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும். குழந்தை சாப்பிட்டிருந்தாலும் இதுதான் பதில்.

ஆனால் உரிகிற தவாவை அதன்பின் பயன்படுத்தாதீர்கள். வெளிப்பட்ட அலுமினியத்தில் புளியும் தக்காளியும் பட்டால் உலோகம் கரையும், ஒட்டவும் செய்யும். ஒன்றிரண்டு மெல்லிய கோடுகள், அடியில் உலோகம் தெரியாத கீறல்கள் இருந்தால் கவலை வேண்டாம். நகத்தை ஓட்டிப் பார்த்து, ஓரம் தூக்கிக்கொண்டு வந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

18. நடுவுல புடைச்சுகிட்டு எண்ணெயெல்லாம் ஓரத்துக்கு ஓடுது. தட்டிச் சரி பண்ணலாமா?

தட்டக் கூடாது. தகடு நிமிர்ந்தாலும் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். காய்ந்த தவாவைக் குழாய்த் தண்ணீரில் நீட்டுவதுதான் இந்தப் புடைப்புக்கு முதல் காரணம்: ஒரு பக்கம் சட்டென்று சுருங்க, மறுபக்கம் விரிந்தே இருக்க, தகடு வளைகிறது. 11-ல் சொன்ன ஒரு ஸ்பூன் தண்ணீர் இந்தக் கேட்டைச் செய்யாது, டம்ளர் கணக்கில் ஊற்றுவதுதான் செய்யும். மெல்லிய தகடுதான் சீக்கிரம் வளையும் என்பதால், வாங்கும்போதே 4-ல் உள்ளபடி எடை பார்ப்பது இதற்கும் காப்பு.

19. பழைய தவாவுக்குத் திரும்ப கோட்டிங் போட்டுத் தர்றாங்களாமே?

சரியாகச் செய்ய வேண்டுமானால் பழைய பூச்சை மணல் வீச்சால் முழுதும் சுரண்டி, அடிப்பூச்சிலிருந்து தெளித்து, 380 டிகிரிக்கு மேல் உலையில் இறுக்க வேண்டும். அந்த உலை இல்லாத இடத்தில் பூசித் தருவது என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியாது. உணவு படும் இடத்தில் அதை நம்ப முடியாது. பூச்சு போன தவாவைப் பழைய இரும்பு, அலுமினியம் வாங்குபவரிடம் எடைக்குப் போடுங்கள். அலுமினியத்துக்கு விலை உண்டு.

20. இவ்வளவு பாக்கணும்னா, பேசாம இரும்புக் கல்லே வெச்சுக்கலாமே?

தினமும் தோசை வார்க்கும் வீட்டுக்கு எங்கள் பரிந்துரையும் அதுதான். பழகிய வார்ப்பிரும்புக் கல்லில் வரும் மொறுமொறுப்பு நான்ஸ்டிக்கில் வராது. முழுத் தீயைத் தாங்கும், கம்பி நார் பட்டு எண்ணெய்ப் பழக்கம் போனாலும், துருப்பிடித்தாலும் தேய்த்து எண்ணெயிட்டு மீட்டுவிடலாம். கனம் தூக்க முடியாத முதியவர்கள், எண்ணெயைக் குறைக்க வேண்டியவர்கள், கல்லைப் பழக்க நேரமில்லாமல் தனியாகத் தங்கியிருப்பவர்கள் ஆகியோருக்கு நான்ஸ்டிக் தவா நல்ல துணை.

மற்றவர்களுக்கு இரும்புக் கல் ஒன்றும், முட்டைக்கும் மீனுக்கும் 22 அல்லது 24 செ.மீ. நான்ஸ்டிக் ஃபிரை பேன் ஒன்றும் இருந்தால் போதும். முட்டை ஆம்லெட், கிழங்கான், நெத்திலி போன்ற மென்மையான மீன்கள், கரைத்த மாவில் ஊற்றும் கோதுமை தோசை: இவை நான்ஸ்டிக்கில் பிய்யாமல் எழும்பும். வாரத்தில் நாலைந்து தரம் மட்டும் இப்படி மிதமான தீயில் பயன்படுத்தினால், 6-ல் சொன்ன இரண்டு, மூன்று ஆண்டையும் தாண்டி உழைக்கும்.